பெயர் சேர்த்தல், பெயர் நீக்கல்

2001 செப்டெம்பர் 11ஆம் திகதி நியூயோர்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோது விக்கிப்பீடியாவுக்கு எட்டு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஒரு சிறு கூட்டம். எது கலைக்களஞ்சியத்துக்கு உரியது, எது உரியதல்ல என்ற விதிகள் அப்போது முழுமையாக உருவாகியிருக்கவில்லை. அந்தக் கூட்டம் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது. விமானங்களைப் பற்றி எழுதியது, கட்டடங்களைப் பற்றி எழுதியது, பிறகு இறந்தவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கியது. பட்டியல் நீண்டது. பட்டியலில் இருந்த சிலருக்குத் தனிப்பக்கங்களும் முளைத்தன.

சில மாதங்களில் கேள்வி எழுந்தது. கணக்கராகவும் சமையற்காரராகவும் வேலை பார்த்து அன்று காலை இறந்துபோன ஒருவருக்குக் கலைக்களஞ்சியத்தில் பக்கம் உண்டென்றால், அதே நாளில் உலகின் வேறொரு மூலையில் இறந்தவருக்கு ஏன் இல்லை? பக்கங்களை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை, வைத்திருக்கவும் நியாயம் கிடைக்கவில்லை. கடைசியில் அவற்றைத் தனியாக ஒரு நினைவுத் தளத்துக்கு மாற்றினார்கள். அந்தத் தளமும் 2006இல் மூடப்பட்டது. இந்த இழுபறி விக்கிப்பீடியாவில் ஒரு விதியாக நின்றது: இது நினைவு மண்டபம் அன்று. உறவினரையும் நண்பரையும் இழந்த துயரத்தைப் பதிவு செய்ய வேறு இடங்கள் உண்டு. இங்கே இடம்பெற ஒருவர் வேறு காரணத்தால் குறிப்பிடத்தக்கவராக இருக்க வேண்டும்.

முதல் வாசிப்பில் இந்த விதி ஈரமற்றதாகத் தோன்றும். ஆனால் அந்தப் பெயர்கள் அநாதையாகவில்லை. நியூயோர்க் டைம்ஸ் நாளிதழ் இறந்தவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் சில பத்திகள் என்று மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2011இல், கோபுரங்கள் நின்ற இடத்தில் 2,983 பெயர்கள் வெண்கலத்தில் வெட்டப்பட்டன. 2001இல் இறந்த 2,977 பேரோடு, 1993ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்பில் இறந்த ஆறு பேரும் அதில் சேர்ந்தார்கள். அகரவரிசை கைவிடப்பட்டது. ஒன்றாக வேலை செய்தவர்கள், ஒன்றாகப் பயணம் செய்தவர்கள், குடும்பத்தினர் கேட்டுக்கொண்டவர்கள் பக்கத்துப் பக்கத்தில் வரும்படி பெயர்கள் அடுக்கப்பட்டன. கலைக்களஞ்சியம் மறுத்த பட்டியலை நகரம் ஏற்றுக்கொண்டது, அதற்கு உரிய ஒழுங்கோடு.

தகவல்தளங்களோடு பிழைப்பு நடத்துகிறவன் நான். என் தொழிலில் பட்டியல் என்பது ஒரு கேள்விக்கு வரும் விடை மட்டுமே. இன்ன நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளைக் கொடு என்றால் கணினி கொடுத்துவிடும். நிபந்தனையை யார் எழுதினார், எதற்காக எழுதினார் என்று அது கேட்பதில்லை. அந்தக் கேள்வியை மனிதர்கள்தான் கேட்க வேண்டும். மனிதர்களின் பட்டியல்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியின் வரலாறு விக்கிப்பீடியாவைவிட மிகப் பழையது.

*

திதரோவும் தாலம்பேரும் 1751இல் வெளியிடத் தொடங்கிய பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் மனிதர்களுக்குத் தலைப்பே கிடையாது. புனிதர்களின் சரிதமோ பெருங்குடும்பங்களின் வம்சாவளியோ இங்கே வராது, அறிவுத்துறைகளின் வம்சாவளியே வரும் என்று தாலம்பேர் மூன்றாம் தொகுதியின் முன்னுரையில் வெளிப்படையாகவே அறிவித்தார். அரசர்களும் பிரபுக்களும் தங்கள் பெயரை எங்கும் பார்த்துப் பழகிய காலத்தில் இது ஒரு துணிச்சலான மறுப்பு.

ஆனால் மனிதர்கள் பின்வாசலால் நுழைந்தார்கள். அந்தக் கலைக்களஞ்சியத்தில் நியூட்டனைத் தேடினால் கிடைக்கமாட்டார். அவர் பிறந்த வூல்ஸ்தோர்ப் என்ற சிற்றூரைத் தேட வேண்டும். ஊரைப் பற்றி இரண்டொரு வரி, அதன் பிறகு நீண்ட நியூட்டன் சரிதம். பல்லாயிரம் கட்டுரைகளை எழுதிய ஜோகூர் என்ற அறிஞரின் உத்தி இது. ஊர்களுக்கு இடம் உண்டு என்றால், ஊருக்குள் ஆளை ஒளித்து வைக்கலாம். விதி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் மனிதரின் பெயரைக் காப்பாற்ற நினைப்பவர் ஒரு வழி கண்டுபிடிப்பார் என்பதற்கு இது ஒரு நல்ல சான்று.

எடின்பரோவில் 1768 முதல் 1771 வரை வெளிவந்த பிரிட்டானிக்காவின் முதற்பதிப்பிலும் வாழ்க்கை வரலாறுகள் இல்லை. இரண்டாம் பதிப்பில் அவை சேர்ந்தன. அதன் பிறகு கலைக்களஞ்சியம் என்றால் அதில் மனிதர்கள் இருப்பார்கள் என்பது வழக்கமாகிவிட்டது. யாரெல்லாம் என்பது மட்டும் மீதியிருந்த கேள்வி.

அந்தக் கேள்வியை முறையாகக் கையாண்ட முதல் பெரும் முயற்சிகளில் ஒன்று பிரித்தானியத் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதி. அதன் ஆசிரியர் லெஸ்லி ஸ்டீபன், எழுத்தாளர் வெர்ஜினியா வூல்ஃபின் தந்தை. சேர்க்க எண்ணிய பெயர்களின் பட்டியலை அவர் முன்கூட்டியே அதெனியம் என்ற வார இதழில் வெளியிட்டார். விடுபட்டவர்கள் யார், தேவையற்றவர்கள் யார் என்று வாசகர்கள் எழுதி அனுப்பினார்கள். இன்றைய விக்கிப்பீடியாவின் உரையாடல் பக்கத்துக்கு இது ஒரு தாத்தா முறை. 1885 முதல் 1900 வரை 63 தொகுதிகளில் 29,120 வாழ்க்கைகள் அச்சேறின. அவ்வளவு கவனத்துக்குப் பிறகும் என்ன நடந்தது? 1993இல், விடுபட்டவர்களுக்காகவே ஒரு தனித் தொகுதி வெளியிட வேண்டியிருந்தது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கவிஞர் ஜெரார்ட் மான்லி ஹொப்கின்ஸ் அவர்களில் ஒருவர். அவர் 1889இல் இறந்தார், அவருடைய கவிதைகள் நூலானது 1918இல். முதற்பதிப்பாளர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள அச்சில் பெரிதாக எதுவும் இல்லை, அவ்வளவுதான். இந்த விஷயத்தை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

ஸ்டீபனுக்கு முன்பே நம்மவர் ஒருவர் இந்த வேலையில் இறங்கியிருந்தார். கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி ‘தமிழ் புளூட்டாக்’ என்ற ஆங்கில நூலை 1859இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரிசை அது. 1886இல் மானிப்பாய் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை ‘பாவலர் சரித்திர தீபகம்’ கொண்டுவந்தார். அதில் நானூற்றுக்கும் மேற்பட்டவர்கள். தமிழகத்துப் பெரும்புலவர்களோடு யாழ்ப்பாணத்துப் புலவர்களையும் ஒரே அகரவரிசையில் அவர்கள் நிறுத்தினார்கள். அது ஒரு சத்தமில்லாத வாதம். எங்கள் ஊர்ப் புலவரும் தமிழ்ப் புலவரே என்று தனியாகச் சொல்லத் தேவையில்லாமல் பட்டியலே சொல்லிவிட்டது. அந்த நூல்கள் இல்லையென்றால் அவற்றில் உள்ள சிலரின் பெயர்கூட இன்று நமக்குத் தெரிந்திருக்காது.

*

இனி விக்கிப்பீடியாவின் நடைமுறைக்கு வருவோம். அங்கே ஒரு மனிதரின் பெயர் மூன்று விதமாக இடம்பெறலாம். ஒன்று, அவரைப் பற்றிய தனிக்கட்டுரை. இரண்டு, ஒரு பட்டியலில் ஒரு வரி. மூன்று, பகுப்பு, அதாவது கட்டுரையின் அடியில் ஒட்டப்படும் சிட்டை. பட்டியலில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் விளக்கம் எழுதலாம், சான்று காட்டலாம், இதில் கருத்து வேறுபாடு உண்டு என்றும் குறிக்கலாம். சிட்டையில் அதற்கெல்லாம் இடமில்லை. ஒட்டினால் ஒட்டியதுதான்.

ஒரு பட்டியல் நிலைப்பதற்கு ஆங்கில விக்கிப்பீடியா இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. அந்தக் கூட்டத்தை ஒரு கூட்டமாக வேறு யாராவது நம்பகமான முறையில் எழுதியிருக்கிறார்களா? வேதியியலில் நோபல் பரிசு பெற்றவர்கள் என்றால் நூல்கள் உண்டு. இடது கைப் பழக்கமுள்ள கணக்காளர்கள் என்றால் கிடையாது. அந்த இரண்டு பண்புகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர் பட்டியல் போடுகிறவர் மட்டுமே. இரண்டாவது கேள்வி, இந்த மனிதர் குறிப்பிடத்தக்கவரா, இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதற்குச் சான்று உண்டா? நிலவில் நடந்த பன்னிரண்டு பேர் போன்ற சிறிய, முழுமையான பட்டியல்களுக்கு விலக்குகள் உண்டு. மற்றபடி இந்த இரண்டு வாசல்களையும் தாண்ட வேண்டும்.

தாண்டவில்லை என்று ஒருவர் கருதினால் நீக்கலுக்கு முன்மொழியலாம். ஏழு நாள் விவாதம். முன்பு இதற்கு ‘நீக்கலுக்கான வாக்குகள்’ என்று பெயர் இருந்தது. 2005இல் ‘வாக்கு’ என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். கையெண்ணிக்கை முக்கியமல்ல, காரணமே முக்கியம் என்பது அதன் பொருள். நடைமுறையில் அந்தச் சொல் போனாலும் அந்தப் பழக்கம் முழுதாகப் போய்விடவில்லை என்பது அங்கே ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சிறிய விதிகளிலும் ஒரு தத்துவம் ஒளிந்திருக்கும். ஒவ்வோர் ஆண்டும் இறந்தவர்களின் பட்டியல் ஒன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் உண்டு. தனிக்கட்டுரை இல்லாதவர் இறந்தாலும் அவருடைய பெயரைச் சேர்க்கலாம். அது சிவப்பு எழுத்தில் தெரியும். ஒரு மாதத்துக்குள் யாராவது அவரைப் பற்றிக் கட்டுரை எழுதினால் பெயர் நிற்கும். எழுதாவிட்டால் நீக்கப்படும். நம்முடைய வழக்கத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. விக்கிப்பீடியாவும் ஏறக்குறைய அதே தவணையைத்தான் கொடுக்கிறது.

*

பட்டியலுக்கான விதி நியாயமாக இருந்தும் விளைவு அநியாயமாகலாம். அமண்டா ஃபிலிபாச்சி என்ற அமெரிக்க நாவலாசிரியர் 2013 ஏப்ரலில் நியூயோர்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். ‘அமெரிக்க நாவலாசிரியர்கள்’ என்ற பகுப்பிலிருந்து பெண்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டு ‘அமெரிக்கப் பெண் நாவலாசிரியர்கள்’ என்ற பகுப்புக்கு மாற்றப்படுவதை அவர் கவனித்திருந்தார். ஹார்ப்பர் லீ, ஏமி டான் போன்றவர்களும் அந்தக் கணக்கில் அடக்கம். ஆண்களுக்கென்று தனிப்பகுப்பு கிடையாது. முதல் பகுப்பு பெரிதாகிவிட்டது, அதை உட்பிரிவுகளாகப் பிரிக்க வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். தகவல்தள வேலையில் இருப்பவர்களுக்கு இது மிகவும் பழக்கமான பேச்சு. ஆனால் விளைவாக, அமெரிக்க நாவலாசிரியர் யார் என்று தேடி வருகிற மாணவர் முன் ஆண்களின் வரிசை மட்டும் நிற்கும். பெரிய சண்டைக்குப் பிறகு பெண்கள் பொதுப்பகுப்பிலும் இருக்கலாம் என்று ஆனது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பெண் எழுத்தாளர்களின் தனிப்பட்டியல் தேவையா என்றால், தேவை. அதைத் தேடுகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அப்படியொரு மரபு பற்றி நூல்கள் இருக்கின்றன. தவறு தனிப்பட்டியலில் இல்லை. தனிப்பட்டியலில் சேர்த்ததைக் காரணம் காட்டிப் பொதுப்பட்டியலிலிருந்து எடுத்ததில் இருக்கிறது. ‘ஈழத்து எழுத்தாளர்’, ‘புலம்பெயர் எழுத்தாளர்’ என்ற பட்டியல்களுக்கும் இதே அளவுகோல்தான். அந்தப் பட்டியல்கள் நமக்கு வேண்டும். ஆனால் தமிழ் எழுத்தாளர் என்ற பொதுப்பட்டியலிலிருந்து நம்மை வெளியே அனுப்புவதற்கான கதவாக அவை ஆகிவிடக் கூடாது.

2018 ஒக்டோபர் 2ஆம் திகதி டொனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற கனேடிய இயற்பியலாளருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அந்த நிமிடம்வரை அவருக்கு விக்கிப்பீடியாவில் கட்டுரை இல்லை. அதே ஆண்டு மே மாதத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்த வரைவு, போதிய சான்று இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. திருப்பி அனுப்பியவர் விதிப்படிதான் நடந்தார். ஸ்ட்ரிக்லண்டைப் பற்றி முன்னதாகவே எழுதியிருக்க வேண்டிய பத்திரிகைகள் எழுதவில்லை. கலைக்களஞ்சியம் ஒரு கண்ணாடி. எதிரே நிற்காத ஆளை அது காட்டாது.

இந்தக் குறையை நிரப்ப வந்த முயற்சிகளில் எனக்குப் பிடித்தது, 2015இல் தொடங்கிய ‘சிவப்பில் பெண்கள்’ திட்டம். எழுதப்படாத பெண்களின் பெயர்களைச் சிவப்பு எழுத்தில் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக நீலமாக்குவது அதன் வேலை. திட்டம் தொடங்கும் காலத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்கள் ஏறக்குறைய 15 விழுக்காடு. இப்போது 20ஐத் தொட்டிருக்கிறது. இங்கே பட்டியல் என்பது புகழ் மாலை அல்ல, கடன் பத்திரம். நாம் எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் இன்னார் என்று அது சொல்கிறது.

*

இதுவரை பேசியது சேர்ப்பது பற்றி. சேர்க்கவே கூடாத பட்டியல்களும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள நமக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

1940இல் பெர்லினில் ‘இசையில் யூதர்கள்: அகராதி’ என்று சொல்லத்தக்க நூல் ஒன்று வந்தது. தெயோஃபில் ஸ்டெங்கல், ஹெர்பர்ட் கெரிக் என்ற இருவர் தொகுத்தது. வடிவத்தில் அது ஒரு சராசரி உசாத்துணை நூல்: அகரவரிசை, பிறந்த நாள், பிறந்த ஊர், தொழில். இசைக் கலைஞர்களை மேடையிலிருந்தும் வாழ்விலிருந்தும் அகற்றுவதற்கு அந்த அகராதி கருவியாயிற்று. நெதர்லாந்தில் குடிசார் பதிவேடுகள் அவ்வளவு ஒழுங்காக இருந்ததால் நாஜிகளுக்கு யூதர்களைத் தேடிப் பிடிப்பது எளிதாயிற்று. 1943 மார்ச் 27 இரவு, ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குக் குண்டு வைத்தவர்களில் ஓவியர் வில்லெம் அரோண்டேயஸும் ஒருவர். அவரும் தோழர்களும் அதே ஆண்டு ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் உயிரைக் கொடுத்தது ஒரு பட்டியலை அழிப்பதற்காக.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1983 ஜூலையில், கொழும்பின் தெருக்களில் திரிந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த வீடு தமிழருடையது, எந்தக் கடை தமிழருடையது என்று தெரிந்து தேடி வந்தார்கள் என்பதைத் தப்பியவர்களின் சாட்சியங்களும் ஆய்வு நூல்களும் பதிவு செய்திருக்கின்றன. ஜனநாயகத்தின் அடிப்படைப் பட்டியல் அது. நம் பெயர் அதில் இருக்க வேண்டும் என்று போராடியவர்கள் நாம். மலையகத் தமிழர் குடியுரிமையையும் அதோடு அந்த இடாப்பில் இருந்த இடத்தையும் இழந்த கதை தனியாக இருக்கிறது. அதே இடாப்பே கொலைப் பட்டியலாகவும் ஆயிற்று. காகிதம் மாறவில்லை, கை மாறியது.

இந்த வரலாறு விக்கிப்பீடியாவின் இன்னொரு விதிக்குப் பின்னால் இருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். 2005இல் ஜோன் சைகந்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றி யாரோ ஒரு விஷமி, கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்குத் தொடர்பு இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது என்று எழுதிவைத்தார். அது மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. சைகந்தாலர் பத்திரிகையில் எழுதி அம்பலப்படுத்திய பிறகு, அந்த ஆண்டின் இறுதியிலேயே, வாழும் மனிதர்களைப் பற்றித் தனிக்கொள்கை உருவாயிற்று. அதன்படி ஒருவரின் மதத்தையோ பாலீர்ப்பையோ காட்டும் பகுப்பிலும் பட்டியலிலும் அவரைச் சேர்க்க வேண்டுமானால், அவரே அதைப் பொதுவெளியில் சொல்லியிருக்க வேண்டும், அது அவருடைய பொதுவாழ்வுக்குத் தொடர்புடையதாகவும் இருக்க வேண்டும். பெயரைப் பார்த்து ஊகிப்பது, முகத்தைப் பார்த்து ஊகிப்பது, தாத்தாவின் ஊரை வைத்துக் கணக்குப் போடுவது எதுவும் செல்லாது.

தெற்காசியர்களால் இந்த விதி சாதிக்கும் நீண்டது. ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்தியச் சாதிகளைப் பற்றிய கட்டுரைகள் ஒரு காலத்தில் அடியில் நீண்ட வாலோடு இருந்தன: இந்தச் சாதியில் பிறந்த முதலமைச்சர்கள், நடிகர்கள், விளையாட்டு வீரர்கள், அரசர்கள். ராஜராஜ சோழனுக்கு உரிமை கோரும் சாதிகள் எத்தனை என்று தமிழகத்துச் சுவரொட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதே சண்டை அங்கேயும் நடந்தது. இப்போது, வாழும் ஒருவரின் சாதியை அவரே சொல்லாமல் எழுதக்கூடாது என்பது நடைமுறை. சாதிக் கட்டுரைகளைத் திருத்துகிறவர்கள் மீது வழக்கத்தைவிடக் கடுமையான கட்டுப்பாடுகளும் உண்டு.

இதை முழுமையாக ஆதரிக்கிறேன். ஆனால் ஒரு சிக்கலை ஒதுக்கிவிட முடியாது. சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள் அந்த அடையாளத்தையே கொடியாக உயர்த்தி எழுதிய இலக்கியம் இருக்கிறது. ‘பஞ்சமர்’ எழுதிய கே. டானியலைத் தலித் இலக்கிய முன்னோடி என்று இன்று சொல்கிறோம். அவர் 1986இல் இறந்தார்; அந்தப் பெயர் தமிழில் இலக்கிய இயக்கமாகப் பரவியது அதன் பிறகுதான். அவரைத் ‘தலித் எழுத்தாளர்கள்’ பட்டியலில் சேர்ப்பதா? அவருடைய எழுத்தின் நடுப்பொருளே அது, விமர்சகர்கள் அப்படி விரிவாக எழுதியிருக்கிறார்கள் என்பதால் சேர்க்கலாம் என்பது என் பதில். அதே பிறப்புக் கொண்டு, அந்தப் பெயர்ப்பலகையை மறுக்கும் வாழும் எழுத்தாளரைச் சேர்க்கக்கூடாது. பட்டியல் பிறப்பைப் பற்றியதாக இருந்தால் அது பதிவேடு. செயலைப் பற்றியதாக இருந்தால் அது வரலாறு. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு எப்போதும் தெளிவாகத் தெரியாது என்பதால்தான் ஏழு நாள் விவாதம் தேவைப்படுகிறது.

நம்முடைய பெருமைப் பட்டியல்களையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். உலகப் புகழ்பெற்ற தமிழர்கள் என்ற வரிசையை நாம் ஆசையோடு தொகுக்கிறோம். கமலா ஹாரிஸ் 2020இல் தன் வேட்புமனுவை ஏற்ற உரையில் ‘சித்தி’ என்ற சொல்லைத் தானே உச்சரித்தார். தன் தாய்வழியை அவரே சொல்கிறார், சான்று இருக்கிறது. ஆனால் எங்கோ ஒரு கொள்ளுப்பாட்டி தமிழ்ப் பெண் என்று யாரோ சொன்னதை வைத்து ஒருவரை இழுத்து வந்து வரிசையில் நிறுத்தும்போது, நாம் செய்வது அன்பினால் என்றாலும், ரத்தத்தை வைத்து ஆளைக் கணக்கெடுக்கும் அதே வேலைதான்.

*

இனி, நம் இறந்தவர்கள்.

முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் கடைசி மாதங்களில் நாற்பதாயிரம் வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. 2012இல் வெளிவந்த ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கணக்கில் வராமல் போயிருக்கலாம் என்றது. எண்ணிக்கையே இவ்வளவு அகலமான இடைவெளியில் நிற்கிறது. எண்ணுக்கே வழக்கு நடக்கும் இடத்தில் பெயருக்கு எங்கே போவது? நியூயோர்க்கில் 2,983 என்று கடைசி இலக்கம்வரை சொல்ல முடிகிறது. நம்மிடம் ஆயிரங்களில்தான் பேச முடிகிறது. இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் பட்டியலை வெளியிடு என்று, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் இருக்கும் தாய்மார் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நட்டஈடு அல்ல, முதலில் ஒரு பட்டியல்.

இந்தப் பெயர்கள் விக்கிப்பீடியாவில் இடம்பெற வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அங்கே இருந்தால்தான் உலகம் நம்பும் என்பது நினைப்பு. விதிகளின்படி அது நடப்பது கடினம். ஒரு படுகொலையைப் பற்றிய கட்டுரையில் இறந்தவர்களின் முழுப் பெயர்ப்பட்டியலை வைப்பதா என்பது ஒவ்வொரு கட்டுரையிலும் தனித்தனியாக விவாதித்து முடிவு செய்யப்படுகிறது. சான்று எங்கே என்ற கேள்விதான் முதலில் வரும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்துபோன நூல்கள் ஏறத்தாழ 97,000. பத்திரிகை அலுவலகங்கள் தாக்கப்பட்டன, வீட்டு அலுமாரிகள் இடப்பெயர்வுகளில் போயின. எழுத்தில் இருப்பதை மட்டும் ஏற்கும் ஒரு விதி, எழுத்து எரிக்கப்பட்ட சமூகத்தின் மீது மற்றவர்களைவிட அதிகப் பாரமாக இறங்குகிறது. விதியை வகுத்தவர்களுக்கு நம்மீது பகை ஒன்றுமில்லை. ஆனால் பாரம் பாரம்தான்.

அதனால் விதியைத் தளர்த்தக் கேட்பதா? நான் அப்படி நினைக்கவில்லை. சான்று இல்லாமல் நம் பட்டியலை அனுமதிக்கும் வாசல் வழியாக, இறந்தவர்கள் எல்லோரும் ஆயுததாரிகள் என்று சொல்லும் பட்டியலும் வரும். சரி பார்க்க முடியாத பெயர் ஒன்று உள்ளே இருந்தால், சரியான நூறு பெயர்களையும் பொய் என்று தள்ளிவிட அது போதும். இந்த விஷயத்தில் கண்டிப்பு நமக்கு எதிரி அல்ல.

வேண்டியது, பட்டியலுக்கு உரிய வேறு வீடுகள். நூலகம் நிறுவனம் 2005 முதல் அப்படி ஒரு வீட்டைக் கட்டி வருகிறது. அங்கே ஆளுமைகள் என்று ஒரு பகுதி உண்டு. விக்கிப்பீடியாவின் அளவுகோலில் தேறாத கிராமத்து ஆசிரியர்கள், நாட்டுக்கூத்து அண்ணாவிமார், உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் அங்கே இருக்கிறார்கள். நினைவு மலர்களும் அங்கே சேர்கின்றன. நாம் கல்வெட்டு என்று சொல்லும் அந்தச் சிறு புத்தகம், முப்பத்தோராம் நாளில் வீட்டுக்கு வந்தவர்கள் கையில் கொடுத்துவிட்டு மறந்துபோகும் அந்த அச்சுப்பிரதி, ஒரு மனிதர் எந்த ஊரில் பிறந்தார், எங்கே படித்தார், எந்தத் தொழில் செய்தார், யாருக்கு உறவு என்பதை வேறெங்கும் இல்லாத துல்லியத்தோடு சொல்கிறது. குடும்பம் எழுதியது என்பதால் கலைக்களஞ்சியம் அதைச் சுதந்திரமான சான்றாக ஏற்காது. ஆனால் நாளைக்கு ஓர் ஆய்வாளர் எழுதப்போகும் நூலுக்கு அது மூலம். அந்த நூல் வந்த பிறகு கலைக்களஞ்சியத்தால் மறுக்க முடியாது. ஹொப்கின்ஸ் 1993இல் உள்ளே வந்தது அந்த வழியில்தான். முதலில் யாரோ ஒருவர் கையெழுத்துப் பிரதியைப் பாதுகாத்தார், பிறகு ஒருவர் அச்சிட்டார், பிறகு பலர் வாசித்தார்கள், அகராதி கடைசியாக வந்தது.

எனவே ஒரு பட்டியலைத் தொகுக்க உட்காரும்போது நான்கு கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். இவர்களைச் சேர்த்துக் கட்டுவது இவர்கள் செய்ததா, இவர்களின் பிறப்பா? இந்தப் பட்டியல் தவறான கையில் கிடைத்தால் இதில் உள்ள யாருக்காவது தீங்கு வருமா? ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், எனக்கு எப்படித் தெரியும் என்று எழுத முடியுமா? இதில் யார் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கிறதா? கடைசிக் கேள்விதான் கடினமானது. தொகுத்தவருக்கே தெரியாதவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

விக்கிப்பீடியாவின் பல பட்டியல்களுக்கு மேலே ஒரு சிறு அறிவிப்பு இருக்கும். இது மாறிக்கொண்டே இருக்கும் பட்டியல், ஒருபோதும் முழுமையடையாமல் போகலாம் என்று அது சொல்லும். மென்பொருள் யுகத்தின் பணிவு என்று நினைத்துவிட வேண்டாம். எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர் திருத்தொண்டத்தொகையைப் பாடியபோது அறுபது அடியார்களைத் தனித்தனியாகப் பெயர் சொன்னார். அத்தோடு நிறுத்தாமல் ஒன்பது கூட்டங்களையும் சேர்த்துக்கொண்டார். அவற்றில் ஒன்று, தனக்குத் தெரிந்த நிலத்துக்கும் காலத்துக்கும் வெளியே இருந்த, இருக்கப்போகிற அடியார்களுக்கானது. பின்னர் சுந்தரரையும் அவருடைய தாய் தந்தையரையும் சேர்த்து நாம் அறுபத்துமூவர் என்று எண்ணினோம், அறுபத்துமூவருக்குச் சிலை வடித்தோம். பெயர் தெரியாதவர்களுக்கு என்றும் அவர் ஒரு வரி வைத்தார். பட்டியல் போடுகிற எவரும் முதலில் எழுதிக்கொள்ள வேண்டிய வரி அதுதான்.